பைக் விளக்கு எரியவில்லையா? மின்கோளாறு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விளக்கு எரியவில்லை என்றதும் பல்பை மாற்றுகிறோம். அப்படியும் எரியாவிட்டால் சுவிட்ச், அடுத்து பேட்டரி, கடைசியில் முழு ஒயரிங். பணம் கரைந்த பிறகுதான் எர்த் ஒயரின் (மின்சாரம் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பிப் போகும் ஒயர்) போல்ட் தளர்ந்திருந்தது தெரியவருகிறது. பைக் விளக்குகளில் வரும் பெரும்பாலான கோளாறுகள் ஒயர்கள் ஒன்றோடொன்று சேரும் இடங்களில்தான் ஒளிந்திருக்கின்றன. மின்சாரம் எதுவரை வருகிறது, எங்கே நின்றுபோகிறது என்று பார்த்துவிட்டு அதன்பிறகு கடைக்குப் போங்கள். கீழே உள்ள பதில்கள் 12 வோல்ட் பேட்டரியோடு நம் சாலைகளில் ஓடும் சாதாரண பைக்குகளுக்கானவை.

சாவியைத் திருப்பினால் ஒரு விளக்கும் எரியவில்லை, ஹாரனும் அடிக்கவில்லை. எங்கே தொடங்குவது?

பேட்டரியில். இரண்டு முனைகளையும் கையால் அசைத்துப் பாருங்கள். அசைந்தால் கோளாறு கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருந்தால் ஒயரைக் கழற்றி, வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். ஸ்பேனர் தவறி ஃபிரேமில் பட்டாலும் தீப்பொறி பறக்காமல் இருக்க இந்த வரிசை அவசியம்.

அடுத்தது பியூஸ். அது பெரும்பாலும் பேட்டரிக்கு அருகிலேயே இருக்கும். தகடு வகை பியூஸ்களில் நிறமே அளவைச் சொல்லும்: 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள். கண்ணால் பார்த்து "நன்றாகத்தான் இருக்கிறது" என்று விட்டுவிடாதீர்கள். உள்ளே மயிரிழை அளவு விரிசல் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. பியூஸின் தலையில் இரண்டு சிறிய உலோகப் புள்ளிகள் உண்டு. இரண்டிலும் மின்சாரம் இருந்தால் பியூஸ் நல்லது; ஒன்றில் மட்டும் இருந்தால் போய்விட்டது.

பேட்டரி, பியூஸ் இரண்டும் சரி என்றால் சாவி சுவிட்சுக்குக் கீழே வரும் கப்ளரை (ஒயர்கள் ஒன்றோடொன்று மாட்டும் பிளாஸ்டிக் இணைப்பு) பாருங்கள். சாவியைத் திருப்பிய பிறகு வெளியே போகும் ஒயரில் மின்சாரம் இல்லை என்றால், சுவிட்சின் உள்ளே இருக்கும் செப்புத் தகடு தேய்ந்துபோயிருக்கும்.

வீட்டில் என்னென்ன கருவிகள் இருந்தால் போதும்?

ஒரு மல்டிமீட்டரும் ஒரு டெஸ்ட் லாம்பும். இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் டெஸ்ட் லாம்பைத்தான் சொல்வேன். பழைய இண்டிகேட்டர் பல்பு ஒன்று, ஹோல்டர் ஒன்று, இரண்டு நீள ஒயர்கள், ஒரு முனையில் கிளிப்; நீங்களே செய்துவிடலாம்.

காரணம் இருக்கிறது. மல்டிமீட்டர் ஏறக்குறைய மின்சாரமே எடுக்காமல் வோல்ட்டை அளக்கும். ஒரு ஒயரில் இருபது இழைகளில் பத்தொன்பது அறுந்து ஒன்று மட்டும் மிச்சமிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் என்றே காட்டும். அதை நம்பி, ஒயர் சரி, பல்புதான் கோளாறு என்று முடிவு செய்துவிடுவார்கள். டெஸ்ட் லாம்பு மின்சாரத்தை இழுத்துப் பார்க்கும். அந்த ஒற்றை இழையால் தாங்க முடியாமல் மங்கிவிடும். மீட்டர் வைத்துத்தான் பார்ப்பேன் என்றால் பல்பு மாட்டியிருக்கும் நிலையில், சுவிட்ச் போட்டு, கப்ளரின் பின்பக்கமாக முனையைச் செருகி அளக்க வேண்டும். கப்ளரைக் கழற்றி வைத்துக்கொண்டு அளப்பது பாதி உண்மையைத்தான் சொல்லும்.

இன்ஜின் ஓடினால்தான் முகப்பு விளக்கு எரிகிறது. சாவி மட்டும் போட்டால் எரிவதில்லை. இது கோளாறா?

பெரும்பாலும் இல்லை. பழைய ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர், சி.டி. 100 போன்ற வண்டிகளில் முகப்பு விளக்கும் பின்விளக்கும் மேக்னெட் காயிலிலிருந்து (இன்ஜின் சுற்றும்போது மின்சாரம் தரும் கம்பிச்சுருள்) வரும் ஏ.சி. மின்சாரத்தில் எரிந்தன. ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் விளக்கு ஆகியவை பேட்டரியில் ஓடின. அதனால்தான் அந்த வண்டிகளில் சிக்னலில் நிற்கும்போது வெளிச்சம் குறையும், முறுக்கினால் கூடும். பேட்டரி முழுவதும் செத்துப்போனாலும் உதைத்துக் கிளப்பினால் முகப்பு விளக்கு எரியும். அத்தகைய வண்டியில் முகப்பு விளக்கு மங்கலாக இருக்கிறது என்று பேட்டரி மாற்றினால் ஒரு பயனும் இராது.

இந்தியாவில் 2017 ஏப்ரல் 1 முதல் புதிய இருசக்கர வாகனங்களில் முகப்பு விளக்கு தானாகவே எரிய வேண்டும் என்ற விதி வந்தது. அவற்றில் விளக்கை அணைக்கும் சுவிட்சே கிடையாது. அவற்றிலும் பல மாடல்களில் இன்ஜின் ஓடத் தொடங்கிய பிறகே விளக்கு எரியும்.

உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை. சோதனை எல்லாம் அதைப் பொறுத்தே மாறும். ஏ.சி. வகை என்றால் மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, இன்ஜின் ஓடும்போதுதான் அளக்க வேண்டும்.

பேட்டரி புதிது, பல்பும் புதிது. ஆனாலும் வெளிச்சம் மங்கல். ஏன்?

வழியில் வோல்ட் கசிந்துபோகிறது. பல்பின் வெளிச்சம் வோல்ட்டோடு நேர்விகிதத்தில் குறைவதில்லை, அதைவிடப் பல மடங்கு வேகமாகச் சரியும். வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் ஹாலஜன் பல்பின் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும். பேட்டரியில் 13.8 வோல்ட் இருந்து பல்பின் காலடிக்கு 12 மட்டுமே வந்து சேர்ந்தால், கண்ணுக்குத் தெரியும் அளவுக்குச் சாலை இருண்டுபோகும்.

எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க ஓர் அருமையான வழி இருக்கிறது. பேட்டரியில் எரியும் வகை வண்டி என்றால், விளக்கு எரியும் நிலையில் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும் மறுமுனையைப் பல்புக்கு மின்சாரம் வரும் ஒயரிலும் வையுங்கள். காட்டும் எண்தான் வரும் வழியில் தொலைந்த வோல்ட். அரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால் சாவி சுவிட்ச், கைப்பிடி சுவிட்ச், இடையிலுள்ள கப்ளர்கள் ஆகியவற்றில் ஒன்று தடுக்கிறது. அடுத்து மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையைப் பல்பின் எர்த் ஒயரிலும் வையுங்கள். இங்கே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை.

பிறகு வழியில் ஒவ்வொரு கப்ளராக முனையை நகர்த்திக்கொண்டே வாருங்கள். எண் எந்த இடத்தில் திடீரென்று குதிக்கிறதோ அங்கேதான் நோய். தொட்டுப் பார்த்தாலே அந்தக் கப்ளர் சுடும்; பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கும். இந்தச் சோதனையைச் செய்யக் கற்றுக்கொண்ட ஒருவர் தேவையில்லாமல் ஒரு பல்பைக்கூட மாற்ற மாட்டார் என்பது என் உறுதியான நம்பிக்கை.

இன்னொன்று: விளக்கின் உள்ளே இருக்கும் வெள்ளிப் பூச்சு மங்கி உதிர்ந்திருந்தால் மின்சாரத்தில் எவ்வளவு தேடினாலும் பதில் கிடைக்காது. விளக்குக் கூட்டையே மாற்ற வேண்டியதுதான்.

டிம் எரிகிறது, பிரைட் எரியவில்லை. அல்லது பிரைட் மட்டும் எரிகிறது.

ஒரே பல்பில் இரண்டு இழைகள். ஒன்று அறுந்தால் மற்றொன்று தொடர்ந்து எரியும். பல்பைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இழை நன்றாக இருந்தால் டிம் பிரைட் சுவிட்சுதான் காரணம். பாஸ் பொத்தானை (பிரைட்டைச் சற்று நேரம் மின்னவைக்கும் கைப்பிடிப் பொத்தான்) அழுத்தும்போது பிரைட் எரிகிறது, சுவிட்சைத் தள்ளினால் எரியவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம். சுவிட்சைத் திறந்து, கறுத்துப்போன செப்புப் புள்ளிகளைக் கான்டாக்ட் கிளீனரால் கழுவினால் பல வேளைகளில் சரியாகிவிடும். திறக்கும்போது உள்ளே இருக்கும் சிறு ஸ்பிரிங்கும் குண்டுமணியும் தெறித்து ஓடும். கீழே துணி விரித்துக்கொள்ளுங்கள்.

விசித்திரமான ஓர் அறிகுறியும் உண்டு. டிம் போட்டிருக்கும்போதே வண்டியின் ஸ்பீடோமீட்டரில் பிரைட்டைக் காட்டும் நீல விளக்கும் லேசாக எரியும். முகப்பு விளக்கு மிகவும் மங்கும் அல்லது எரியவே எரியாது. பல்பின் பொது எர்த் விட்டுப்போயிருக்கிறது என்பது இதன் பொருள். வெளியேற வழியில்லாத மின்சாரம் ஓர் இழையில் ஏறி மற்றோர் இழை வழியாகவும் நீல விளக்கு வழியாகவும் எர்த்தைத் தேடிப் போகிறது.

இண்டிகேட்டர் போட்டால் பின்விளக்கும் சேர்ந்து சிமிட்டுகிறது. பிரேக் பிடித்தால் இண்டிகேட்டர் மங்குகிறது. பேய் பிடித்ததுபோல இருக்கிறது.

பின்பக்க எர்த் போய்விட்டது. மேலே சொன்ன அதே கதைதான்: திரும்பிப் போகும் பாதை அடைபட்டால் மின்சாரம் பக்கத்து பல்பின் வழியாகச் சுற்றிப் போகும். ஒரு விளக்கு இன்னொரு விளக்கின் வேலையில் தலையிடுவதைப் பார்த்தால் வேறு எதையும் தொடாமல் எர்த்தைத் தேடுங்கள். பேட்டரி நெகட்டிவிலிருந்து ஒரு நீள ஒயரை எடுத்து, கோளாறான விளக்கின் எர்த் முனையில் தொட்டுப் பாருங்கள். உடனே எல்லாம் ஒழுங்காக எரிந்தால் நோய் உறுதி. எர்த் ஒயர் ஃபிரேமில் சேரும் போல்ட்டைக் கழற்றி, துருவும் பெயின்ட்டும் போக உலோகம் பளபளக்கும்வரை தேய்த்து மாட்டுங்கள். ஃபிரேமுக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்த வண்டிகளில் இந்தக் கோளாறு அடிக்கடி வருகிறது.

இண்டிகேட்டர் மிக வேகமாக அடிக்கிறது.

அந்தப் பக்கத்தில் ஒரு பல்பு போயிருக்கும், அல்லது அளவு குறைந்த பல்பு மாட்டியிருப்பீர்கள். நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை சிமிட்டுவது முறையான வேகம். இமைக்காமல் அப்படியே நின்று எரிந்தாலும் முதலில் பல்பைப் பாருங்கள், பிறகு பேட்டரியை, கடைசியில் இண்டிகேட்டரைச் சிமிட்டவைக்கும் பிளாஷரை.

எல்.இ.டி. இண்டிகேட்டர் மாட்டிய பிறகு வேகம் கூடியது என்றால், எல்.இ.டி. எடுக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால் பழைய பிளாஷர் பல்பு போய்விட்டதாக எண்ணிக்கொள்கிறது. எல்.இ.டி.க்கென்று விற்கும் எலெக்ட்ரானிக் பிளாஷர் வாங்கி மாட்டுங்கள். ரெசிஸ்டர் சேர்ப்பவர்களும் உண்டு. அது வீணாகச் சூடாகும், பக்கத்து பிளாஸ்டிக்கை உருக்கும். எனக்கு அதில் விருப்பமில்லை.

பிளாஷர் மாற்றிய பிறகும் இடது பக்கம் போட்டால் நான்கும் சேர்ந்து சிமிட்டுகிறதா? உங்கள் ஸ்பீடோமீட்டரில் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே ஓர் இண்டிகேட்டர் பல்பு இருக்கும். அதன் ஒரு முனை இடது ஒயரிலும் மறுமுனை வலது ஒயரிலும் சேர்ந்திருக்கும். பழைய பல்புகளுக்கு அந்த வழியாக வரும் துளி மின்சாரம் போதாது, எல்.இ.டி.க்குத் தாராளமாகப் போதும். அந்தப் பல்பின் ஒரு முனையை எர்த்தில் கொடுத்துவிட்டு, மறுமுனைக்கு இடது, வலது ஒயர்களிலிருந்து ஆளுக்கொரு டையோடு (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) வழியாக மின்சாரம் கொடுத்தால் தீர்ந்தது. டையோடில் கோடு போட்ட பக்கம் ஸ்பீடோமீட்டர் பல்பை நோக்கி இருக்க வேண்டும்.

பிரேக் விளக்கு எரிவதில்லை, அல்லது எப்போதும் எரிந்துகொண்டே இருக்கிறது.

முன்பக்க லீவரிலும் பின்பக்க மிதியிலும் தனித்தனி சுவிட்சுகள் உண்டு. ஒன்றில் எரிந்து மற்றொன்றில் எரியாவிட்டால் பல்பும் ஒயரும் நல்லவை. எரியாத பக்கத்துச் சுவிட்சை மட்டும் பாருங்கள். பின்மிதி சுவிட்சில் ஸ்பிரிங் அறுந்துபோவதும், சேறு ஏறி இறுகுவதும் வழக்கம். எப்போதும் எரிந்தால் அதிலுள்ள நட்டைத் திருகிச் சரிசெய்யலாம். மிதியிலேயே கால் வைத்து ஓட்டும் பழக்கமும் இதற்குக் காரணமாகலாம்.

பின்விளக்கு பல்பில் பெரும்பாலும் 5 வாட், 21 வாட் என இரண்டு இழைகள். அதன் பக்கவாட்டுக் குமிழ்கள் இரண்டும் ஒரே உயரத்தில் இராது. தலைகீழாக அழுத்தித் திருகினால் பின்விளக்கு பிரேக் விளக்காகவும், பிரேக் விளக்கு பின்விளக்காகவும் மாறிவிடும்.

பல்பு மாற்றி மாற்றி அலுத்துவிட்டது. அடிக்கடி பல்பு போகிறது.

வோல்ட் அதிகமாகிறதா என்று பாருங்கள். வோல்ட் 5 சதவீதம் கூடினாலே பல்பின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். இன்ஜினை நிமிடத்துக்கு 4,000, 5,000 சுற்று வேகத்தில் வைத்துப் பேட்டரியில் அளந்தால் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். 15ஐத் தாண்டினால் ஆர்.ஆர். யூனிட் (சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் ரெக்டிஃபையர்) கெட்டிருக்கலாம், அதை மாற்றுவதற்கு முன் அதன் எர்த்தையும் பேட்டரி முனைகளையும் இறுக்கிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். முறுக்கியும் 13 வோல்ட்டைத் தாண்டவில்லை என்றால் சார்ஜ் ஆகவில்லை. காயிலிலிருந்து வரும் கப்ளர் கருகியிருக்கிறதா என்று பாருங்கள்.

வோல்ட் சரியாக இருந்தும் பல்பு போனால் அதிர்வுதான் காரணம். ஹோல்டர் ஆடுகிறதா, மட்கார்டு போல்ட்டின் ரப்பர் புஷ் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஹாலஜன் பல்பின் கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய் பட்ட இடம் மட்டும் அதிகச் சூடேறி, பல்பு சீக்கிரம் போய்விடும்.

பியூஸ் மாட்டியவுடனே எரிந்துவிடுகிறது. எத்தனை பியூஸ்தான் மாட்டுவது?

இனி ஒன்றுகூட மாட்டாதீர்கள். பியூஸுக்குப் பதிலாகச் செப்பு இழையோ, சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளோ, அளவு பெரிய பியூஸோ வைப்பவர்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன், வேண்டாம். பியூஸ் எரியவில்லை என்றால் அதற்குப் பதில் ஒயர் எரியும். அந்த ஒயர் பெட்ரோல் டேங்கின் அடியில் போகிறது.

ஷார்ட்டைத் தேட, பியூஸ் மாட்டும் இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு 21 வாட் பல்பை இணையுங்கள். சாவியைத் திருப்புங்கள். ஷார்ட் இருக்கும்வரை அந்தப் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். அது வழியாக இரண்டு ஆம்பியருக்கும் குறைவாகவே போகும் என்பதால் ஒயருக்கு ஆபத்தில்லை. இப்போது ஒவ்வொரு கப்ளராகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் பல்பு மங்குகிறதோ, ஷார்ட் அந்தக் கிளையில் இருக்கிறது. மாட்டிவிட்டு அந்தக் கிளை ஒயரைக் கையால் அசைத்தபடி வாருங்கள். பல்பு சிமிட்டும் இடம் அகப்படும்.

சாவி போட்டதும் போகிறதா, பிரேக் பிடித்தால் போகிறதா, ஹாரன் அடித்தால் போகிறதா என்பதையும் கவனியுங்கள். பாதித் தேடல் அதிலேயே முடிந்துவிடும். ஒயர் நசுங்கும் இடங்களும் ஏறக்குறைய நிலையானவை: ஹேண்டில் கழுத்து, டேங்கின் அடி, பின் மட்கார்டின் விளிம்பு, சைலன்சருக்கு அருகே போகும் பிரேக் சுவிட்ச் ஒயர். லெக் கார்டோ சாரி கார்டோ புதிதாக மாட்டிய பிறகு தொடங்கியது என்றால் அந்தப் போல்ட்டின் கீழே முதலில் பாருங்கள். நிறுத்திவைத்த வண்டியில் எலி கடித்திருக்கவும் வாய்ப்புண்டு.

ஹேண்டிலைத் திருப்பினால் விளக்கு அணைகிறது.

கழுத்துப் பகுதியில் ஒயர் உள்ளே அறுந்திருக்கிறது. மேலுறை முழுதாகத் தெரியும், உள்ளே செம்பு துண்டாகியிருக்கும். சந்தேகப்படும் ஒயரின் இரண்டு பக்கத்தையும் பிடித்து மெல்ல இழுங்கள். அறுந்த இடத்தில் உறை ரப்பர்போல நீளும். முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டால் ஒரு மழைகூடத் தாங்காது. ஈயம் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டு, ஹேண்டில் முழுவதும் திரும்பும் அளவுக்குத் தளர்வு விட்டுக் கட்டுங்கள். பற்றவைத்த இடம் மடங்காத பகுதியில் வருமாறு நீளம் சேர்த்துக்கொள்வது நல்லது.

மழைக்குப் பிறகு கோளாறு வருகிறது, வெயில் வந்தால் சரியாகிவிடுகிறது.

சரியாகிவிடவில்லை, தள்ளிப்போயிருக்கிறது. கப்ளருக்குள் புகுந்த நீர் செம்பைப் பச்சையாகப் பூக்க வைக்கும். கடலோர ஊர்களில் உப்புக்காற்றிலேயே இது நடக்கும். கப்ளர்களைப் பிரித்து, கான்டாக்ட் கிளீனர் அடித்து, காய்ந்த பிறகு டைஎலெக்ட்ரிக் கிரீஸ் லேசாகப் பூசி மாட்டுங்கள். முகப்பு விளக்கின் அடியில் உள்ள சிறு வடிகால் துளை அடைபட்டிருந்தால் திறந்துவிடுங்கள். வாட்டர் வாஷ் கொடுக்கும்போது கைப்பிடி சுவிட்சின் மேல் நேராக நீர் பீய்ச்ச வேண்டாம் என்று சொல்லுங்கள்.

35 வாட் பல்புக்குப் பதிலாக 100 வாட் பல்பு போடலாமா?

கூடாது. 100 வாட் பல்பு எட்டு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 35 வாட் பல்புக்கு மூன்று போதும். சுவிட்சும் ஹோல்டரும் உருகும், பேட்டரி சார்ஜ் ஏறாது. வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவும் கட்டுப்படுத்துகிறது. ஹாலஜனுக்காகச் செய்த கூட்டில் மலிவான எல்.இ.டி. பல்பை மாட்டுவதும் அப்படித்தான்: ஒளி சிதறி, எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். எதிரே வருபவருக்குச் சாலை தெரியாமல் போனால் உங்களுக்கும்தான் ஆபத்து.

60/55 வாட் ஹாலஜன் நிறுவனமே கொடுத்திருக்கும் வண்டி என்றால் ஒரு ரிலே (சிறு மின்சாரத்தால் இயங்கி, பெரிய மின்சாரத்தை விடும் சுவிட்ச்) சேர்ப்பது நல்ல பலன் தரும். பேட்டரியிலிருந்து தனி பியூஸ் வழியாக ரிலேயின் 30ஆம் முனைக்கு, 87இலிருந்து பல்புக்கு, பழைய முகப்பு விளக்கு ஒயர் 86க்கு, 85 எர்த்துக்கு. இது ஓர் இழைக்கான கணக்கு. டிம், பிரைட் இரண்டுக்கும் வேண்டுமானால் இரண்டு ரிலே தேவை.

ஒயர் நிறத்தை வைத்து எது எதுவென்று சொல்ல முடியுமா?

ஒரே நிறுவனத்துக்குள் முடியும், நிறுவனம் மாறினால் முடியாது. ஹோண்டா முறையில் பச்சை எர்த், கறுப்பு சாவி போட்டதும் மின்சாரம் வரும் ஒயர். யமஹாவில் கறுப்புதான் எர்த். ஒன்றில் பழகிய கை இன்னொன்றில் கறுப்பைப் பிடித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஹோண்டா முறையில் வெள்ளை டிம், நீலம் பிரைட், பழுப்பு பின்விளக்கு, ஆரஞ்சு இடது இண்டிகேட்டர், வெளிர்நீலம் வலது, சாம்பல் நிறம் பிளாஷர், பச்சையில் மஞ்சள் கோடு பிரேக் விளக்கு. முன்பு யாராவது கைவைத்த வண்டியில் நிறத்தை நம்பாமல் டெஸ்ட் லாம்பை நம்புங்கள்.

இரவில் நெடுஞ்சாலையில் முகப்பு விளக்கு திடீரென அணைந்தால்?

பிரேக்கை அழுத்திப் பிடிக்காமல் வேகத்தைக் குறைத்து, இடது இண்டிகேட்டரைப் போட்டுக்கொண்டு ஓரம் கட்டுங்கள். டிம் போயிருந்தால் பிரைட்டுக்கு மாற்றிப் பாருங்கள். இரண்டும் இல்லை என்றால் பாஸ் பொத்தானை அழுத்திப் பாருங்கள். பல வண்டிகளில் அது தனி வழியில் மின்சாரம் எடுக்கும், அருகிலுள்ள வெளிச்சமான இடம்வரை போக உதவும். நின்ற பிறகு பியூஸ், அடுத்து பல்பின் கப்ளர் கழன்றிருக்கிறதா என்பது. சாலையோரத்தில் பார்க்க வேண்டியவை இவ்வளவுதான். பின்விளக்கும் எரியவில்லை என்றால் ஓட்டவே வேண்டாம், பின்னால் வரும் லாரிக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். சாலையை விட்டு நன்றாக உள்ளே தள்ளி நிறுத்தி உதவிக்கு அழையுங்கள். சீட்டுக்கு அடியில் சரியான அளவில் இரண்டு பியூஸ்களும், துணியில் சுற்றி ஒரு முகப்பு விளக்கு பல்பும் வைத்திருங்கள்.